ஆளில்லாத மூன்று ஸ்வெட்டர்கள்

அன்பு மகளுக்கு,

உடம்பும் மனசும் தெம்பாக இருக்கும் நேரத்தில் இது உன் கைக்கு வர வேண்டும். இங்கே எல்லோரும் நலம் என்று அடுத்த வரியை எழுதக் கை தானாகவே போகிறது, இந்தத் தடவை பிடித்து நிறுத்தியிருக்கிறேன். உன் பெரிய மாமா முழங்கால் ஆபரேஷன் முடிந்து கைத்தடி ஊன்றி நடக்கிறார், நடப்பதைவிட நடந்ததைப் பற்றிப் பேசுவதுதான் அதிகம். குளியலறைக் குழாய் இன்னும் ஒழுகுகிறது. நீ அனுப்பிய பார்சல் வந்து மூன்று வாரம் ஆகிறது. வந்ததா வந்ததா என்று நாலு தடவை கேட்டுவிட்டாய், நான் வாயே திறக்கவில்லை. அதற்குக் காரணம் இருக்கிறது, அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். வேலைக்கு நடுவில் படிக்காதே, உட்கார்ந்து படி.

மூன்று ஸ்வெட்டரும் பத்திரமாக வந்தன. ரயிலில் போகும்போதும் வரும்போதும் நாலு மாதம் பின்னினேன் என்று எழுதியிருந்தாய். சாம்பல் நிறம் வாய்தாவுக்கு, நீலம் பல் டாக்டருக்கு, அரக்கு நிறம் நர்ஸுக்கு என்று சீட்டு வேறு குத்தியிருந்தாய். கண்ணு, இதை எப்படிச் சுற்றி எழுதினாலும் ஒரே வரிதான். அந்த மூன்று பேரும் கிடையாது. இரண்டு வருஷமாகச் சனிக்கிழமைதோறும் நம் முன்னறையில் கூடி, எழுதியதைப் படித்துக் காட்டி, டீ குடித்து, சண்டை போட்டுக்கொண்டு போனதாக உனக்கு எழுதினேனே, அந்த எழுத்தாளர் கூட்டம் ஒரு நாள்கூட நடந்ததில்லை. ‘அடுத்த வாரம் கவிதை கொண்டாரேன்’ என்று தள்ளிப்போட்டே வாய்தா என்று பெயர் வாங்கிய கோர்ட் கிளார்க் இல்லை, பேய்க்கதை எழுதும் பல் டாக்டர் இல்லை, எல்லோரும் படித்து முடித்த பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்கும் அந்த நர்ஸும் இல்லை. வாய்தாவுக்கு என்ன சைஸ் என்று கேட்டாய், கொஞ்சம் தொப்பை உண்டு, தாராளமாகவே போடு என்று எழுதினேன். அப்படி எழுதிய கையை என்ன செய்யலாம், நீயே சொல்.

இது எங்கே ஆரம்பித்தது என்று உனக்குத் தெரிய வேண்டும். பத்திரிகை ஆபீஸ் அறையைக் காலி செய்துவிட்டு, இனி மாத நாவலை வீட்டிலிருந்தே எழுதி அனுப்புங்கள் என்று முதலாளி சொன்ன அன்று நான் சந்தோஷப்பட்டேன். பஸ் நெரிசல் இல்லை, ஆறு மேஜைக்கு ஒரே மின்விசிறி என்ற தகராறு இல்லை, படம் போடுகிறவர் தோளுக்குப் பின்னால் நின்று ‘இந்தக் கதாநாயகனை எட்டாம் அத்தியாயத்துலயே கொன்னுடுங்க, என்னால இவன் மூஞ்சியை இனிமே வரைய முடியாது’ என்று சொல்லும் தொல்லை இல்லை. அந்தத் தொல்லையில்தான் நான் பிழைத்துக்கொண்டிருந்தேன் என்று அப்போது தெரியவில்லை. உன் அப்பா தவறிப்போன வருஷம், புரூஃப் அக்கா, அதுதான் எங்கள் ஆபீஸில் பிழை திருத்துவாளே, அவள் என் பக்கங்களைத் திருப்பிக் கொடுக்கும்போது தாளின் ஓரத்தில் பென்சிலால் ‘மூணு அத்தியாயமா இந்தப் பொண்ணு சாப்பிடவே இல்ல, நீ சாப்பிட்டியா?’ என்று எழுதியிருந்தாள். எழுத்தை வைத்தே ஆளைக் கண்டுபிடிக்கிறவள் பக்கத்து மேஜையில் இருந்தாள். வீட்டில் அப்படிக் கேட்க யார் இருக்கிறார்கள், குழாய்தான் இருக்கிறது.

முதல் வருஷம் ஓடிவிட்டது. அப்புறம் மூன்று நாள் நாலு நாள் யாரோடும் பேசாமல், கடையில் போய் சோப்பு கேட்டால் குரல் கட்டையாக வரும். தலை வாராமல் இருந்தேன். எழுதியது நன்றாக இருக்கிறதா என்று தெரியாது, மோசமாக இருக்கிறதா என்றும் தெரியாது, அனுப்பினால் ‘கிடைத்தது’ என்று ஒரு வார்த்தை வரும். கிணற்றில் போட்ட கல்லுக்காவது சத்தம் கேட்கும். அந்தச் சமயத்தில்தான், உன் குரலே சரியில்லை, வேலையை விட்டுவிட்டு வந்துவிடுகிறேன் என்று நீ சொன்னாய். உன் வேலையைக் கெடுக்கிறவளாக நான் இருக்கக் கூடாது என்று நினைத்தேன். ஃபோனில் எனக்குப் பொய் வராது, குரல் காட்டிக்கொடுத்துவிடும். தாளில் அப்படி இல்லை, முப்பது வருஷமாகப் பொய் எழுதிச் சம்பளம் வாங்கியவள். ஒரு கடிதத்தில் வாய்தாவைக் கொண்டுவந்தேன். நீ உடனே நிம்மதியாகி அங்கே இன்னும் மூன்று வருஷ வேலைக்குக் கையெழுத்துப் போட்டாய். கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள், என் புளுகு இரண்டு வருஷம் ஓடியது என்றால் அதற்கு வேறொரு காரணமும் உண்டு, வெட்கத்தை விட்டு அதையும் சொல்கிறேன். உன் அறைத்தோழி வாய்தாவின் ரசிகை ஆகிவிட்டாள், கடிதம் வந்தால் முதலில் அவர் பகுதியைத்தான் படிக்கச் சொல்கிறாள் என்று எழுதியிருந்தாயே, அந்த வரியைப் பத்துத் தடவை படித்தேன். இரண்டு வருஷத்தில் என் எழுத்துக்கு வந்த ஒரே பாராட்டு அதுதான்.

பார்சல் வந்தது வியாழக்கிழமை. சனிக்கிழமை மத்தியானம் நான் முன்னறையைப் பெருக்கி, மூன்று நாற்காலியின் முதுகிலும் ஸ்வெட்டரைப் போட்டு, நாலு பேருக்கு டீ வைத்தேன். விளையாட்டாகச் செய்தேன் என்று சொல்லத்தான் ஆசை. நாலரை ஆகியும் வாய்தா வரவில்லை என்று எனக்குக் கோபம் வந்தது கண்ணு, நிஜமான கோபம், இந்த மனுஷனுக்கு ஒரு நாளாவது நேரத்துக்கு வரத் தெரியுமா என்று முணுமுணுத்துக்கொண்டு மாடிப்படி இறங்கி வாசல் வரை போய்ப் பார்த்தேன். வாட்ச்மேன், யாரையாவது எதிர்பார்க்கிறீர்களா அம்மா என்று கேட்டார். மூணு பேர் வரணும் என்று பட்டென்று சொல்லிவிட்டு மேலே வந்துவிட்டேன். ஏழு மணிக்குக் கதவு தட்டும் சத்தம். அவர் குடையோடு நின்றார். ‘இவ்ளோ நேரம் பாத்தேம்மா, யாரும் வரல, மழைல எங்கயாவது மாட்டிக்கிட்டாங்க போல, நீங்க கவலப்படாதீங்க’ என்றார். அந்த மனுஷன் இல்லாதவர்களுக்காக இரண்டரை மணி நேரம் கேட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறார். கதவைச் சாத்திவிட்டுத் திரும்பினால் நாலு கோப்பையிலும் டீ ஆறிக் கிடக்கிறது, மூன்று நாற்காலியும் என்னைப் பார்க்கின்றன. எனக்குப் பயம் வந்தது. செத்துப்போவோமோ என்ற பயம் இல்லை, கொஞ்ச நேரம் முன்பு இந்த வீட்டில் உட்கார்ந்திருந்தது யார் என்ற பயம்.

மறுநாள் காலையில் பஸ் பிடித்துப் புரூஃப் அக்கா வீட்டுக்குப் போனேன். இரண்டே ஸ்டாப், நாலு வருஷமாகப் போகவில்லை. கதவுச் சங்கிலியை எடுக்காமல் இடுக்கு வழியாகப் பார்த்தாள், வா என்றுகூடச் சொல்லவில்லை, ‘உன் கடைசி நாவலைப் படிச்சேன், நூத்திருபது பக்கத்துல ஒருத்தர்கூட இன்னொருத்தர்கிட்ட வாயத் திறந்து பேசல, என்னடி ஆச்சு உனக்கு?’ என்றாள். அப்படியே வாசற்படியில் உட்கார்ந்து அழுதுவிட்டேன். அவளும் தனியாகத்தான் இருக்கிறாள், மாத்திரை டப்பாவுக்குள் வைக்கும் தாளைத் திருத்தும் வேலை பார்க்கிறாள், பால் பாக்கெட்டைக்கூடப் பென்சிலோடுதான் படிக்கிறாள். ஏன் ஒரு தடவைகூட என்னைத் தேடி வரவில்லை என்று கேட்டேன், நீ எழுதிக்கொண்டிருப்பாய், தொந்தரவு செய்யக் கூடாது என்று இருந்துவிட்டேன் என்றாள். நானும் அவளைப் பற்றி அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவள்தான் டாக்டரிடம் கூட்டிப்போனாள். டாக்டர் உன் வயசுப் பெண், கடைசியாக யாரோடு உட்கார்ந்து சாப்பிட்டீர்கள் என்று கேட்டாள். யோசித்து யோசித்துப் பார்த்தேன், வாய்தா பெயர்தான் வாயில் வந்தது, முழுங்கிக்கொண்டேன். மாத்திரை கொடுத்திருக்கிறாள், பதினெட்டு நாளாகச் சாப்பிடுகிறேன். வாய் உலர்கிறது, கை கொஞ்சம் நடுங்குகிறது, எழுத்து கோணலாக இருப்பது அதனால்தான். நன்றாகிவிட்டேன் என்று சொல்ல மாட்டேன், இனி உனக்குச் சர்க்கரை தடவி எழுதுவதாக இல்லை. சில நாள் காலையில் எழுந்திருக்கவே பிடிக்கவில்லை. இந்த மாத நாவல் ஒரு வரி எழுதவில்லை. திங்களும் வியாழனும் அக்கா வருகிறாள், அவள் தாளை அவள் திருத்துவாள், நான் காய் நறுக்குவேன், அதிகம் பேசுவதில்லை. ஆனால் அவள் இருமினால் நிஜமாகவே ஒருத்தி இருமுகிறாள். சாம்பல் ஸ்வெட்டரை வாட்ச்மேனுக்குக் கொடுத்துவிட்டேன், அளவு சரியாக இருக்கிறது. அரக்கு நிறத்தை அக்காவிடம் நீட்டினேன், கையில் வாங்கியதுமே இடது தோளில் ஒரு கண்ணி விட்டுப்போயிருக்கிறது என்று காட்டினாள். நீலம் பெட்டியில் கிடக்கிறது.

என் பொய்யை நம்பித்தான் நீ அங்கே தங்கிவிட்டாய். திரும்பி வா என்று கேட்க இதை எழுதவில்லை. வர வேண்டாம் என்று எழுதவும் கை வரவில்லை. கோபம் இருந்தால் திட்டி எழுது, எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு, உன் அறைத்தோழியிடமும் உண்மையைச் சொல்லிவிடு. இன்னொன்று, இப்போது வாரத்தில் நாலு நாள் வீட்டிலிருந்தே வேலை, யார் தொந்தரவும் இல்லை, நிம்மதி என்று போன கடிதத்தில் எழுதியிருந்தாய். நானும் முதலில் அப்படித்தான் சந்தோஷப்பட்டேன். ரயில் நெரிசலாக இருந்தாலும் ஏறிப் போ. மத்தியானச் சாப்பாட்டை யார் பக்கத்திலாவது உட்கார்ந்து சாப்பிடு, அவர்கள் அறுத்தாலும் பரவாயில்லை.

நோய் நொடி இல்லாமல், நாலு பேர் நடுவில், நீ நன்றாக இருக்க வேண்டும். தலையைத் துவட்டாமல் குளிரில் வெளியே போகாதே.

மறந்துவிடாதே, ஒன்றே ஒன்று. சனிக்கிழமை நாலிலிருந்து ஆறு வரை கூப்பிடாதே, கூட்டம் நடக்கும் என்று உனக்கு எழுதியிருந்தேன், நீயும் சொன்ன பேச்சைக் கேட்டு இரண்டு வருஷமாக ஒரு தடவைகூட அந்த நேரத்தில் கூப்பிட்டதில்லை. அந்த இரண்டு மணி நேரமும் நான் ஃபோன் பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பேன். அப்போது கூப்பிடு.

உன்,
அம்மா