பறவைப் பாறையில் ஐந்து நிமிடம்

அறை 7, படகுத்துறைக் குடியிருப்பு
பிப்ரவரி 11

அன்புள்ள ஊசிக்கு,

நலம். நீயும் நலமாக இருப்பாய் என்றே நினைத்துக்கொள்கிறேன். உடம்பு சரியில்லை என்றாலும் எனக்கு எழுதியிருக்க மாட்டாய். ஐந்தரை வருடத்தில் நான்கே நான்கு கடிதம் என்று நீ சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். போனில் பேசலாம்தான். நீ "அப்புறம்?" என்று கேட்டதும் என்னிடமுள்ள வார்த்தையெல்லாம் தீர்ந்துபோகிறது.

கிடங்குக் காவலை விட்டுவிட்டேன். மறுபடியும் படகு. பதறாதே, டீசல் படகு இல்லை. கூரை முழுக்க சோலார் தகடு. பகலெல்லாம் வெயிலைக் குடித்துக்கொண்டு துறையில் சும்மா நிற்கும். மாலை ஐந்து மணிக்கு இருபத்து நான்கு பேரை ஏற்றிக்கொண்டு கரையோரமாகவே கிளம்பும். கலங்கரை விளக்கம், செம்பாறைச் சரிவு, கடைசியாகப் பறவைப் பாறை. அங்கே மோட்டாரை நிறுத்தி, சூரியன் இறங்கும்வரை ஐந்து நிமிடம் வேடிக்கை பார்க்கவிட்டுத் திரும்ப வேண்டும். வேகம் சைக்கிள் வேகம்தான். அவசரக்காரன் ஏறினால், நீந்திப் போவதே மேல் என்று இறங்கிவிடுவான்.

சத்தமே இல்லை. இருபத்திரண்டு வருடம் இன்ஜினோடு போட்டி போட்டுக் கத்தியே பேசிப் பழகியவன் நான். முதல் நாள் "எல்லாரும் வாங்க" என்று நான் போட்ட கூச்சலில் முன்வரிசைப் பெரியவர் காதைப் பொத்திக்கொண்டார். கடைசி வரிசையில் ஒரு பெண் தன் கணவனிடம் "ஸ்வெட்டர் எடுத்துக்கச் சொன்னேன்ல" என்று முணுமுணுத்தது, முன்னால் சுக்கானைப் பிடித்து நிற்கும் எனக்குக் கேட்டது.

பறவைப் பாறை என்று படித்ததும் நீ அந்த வரியிலேயே நின்றிருப்பாய். ஆமாம், உன் அண்ணன் கடலில் விழுந்த அதே இடம்தான். வேறு பக்கம் போகலாமே என்று மேனேஜரிடம் கேட்டுப்பார்த்தேன். "சூரியன் அங்கதானே விழுது, அதுக்கு நான் என்ன பண்ண முடியும்" என்றார். தினமும் அங்கே நிற்கிறேன்.

ஊழியர் குடும்பத்துக்கு இரண்டு இடம் ஒதுக்கித் தருகிறார்கள். ஒரு நாள் வந்து பார். வா என்று கூப்பிட எனக்கு என்ன உரிமை என்று நீ கேட்பாய். இருந்தாலும் வா.

உன்னவன்


ஆஸ்பத்திரி, தையல் பிரிவு
பிப்ரவரி 20

என்னங்க,

உங்கள் கடிதம் வந்தபோது நாற்பது தலையணை உறை பாக்கி இருந்தது. மிஷின் டிராயரில் வைத்துப் பூட்டிவிட்டு, நாற்பதையும் அடித்து முடித்த பிறகுதான் பிரித்தேன். வேலை மேல் அத்தனை பக்தி என்று நினைக்க வேண்டாம். பிரிக்கப் பயம்.

உடம்பு எப்படி இருக்கிறது என்று ஒரு வரி கேட்டிருக்கலாம். கேட்காவிட்டாலும் சொல்கிறேன். கண்ணாடி போட்டாயிற்று. ஊசிக்கே ஊசிக் காது தெரியவில்லை என்று நீங்கள் இருந்தால் கேலி செய்திருப்பீர்கள். மற்றபடி அறை, வேலை, அறை. அறைக்கு ஒரே ஜன்னல், அதுவும் பிணவறைப் பக்கம்.

ஒரு செய்தி. அண்ணி என்னைப் பார்க்க வந்தார். ஆறு வருடத்தில் முதல் தடவை. அண்ணன் போன அன்று அவர் கேட்டது உங்களுக்கும் நினைவிருக்கும். "படகுல இருந்ததே ரெண்டு பேரு. ஒருத்தர் விழுந்தது இன்னொருத்தருக்கு எப்படித் தெரியாம போகும்?" அம்மாவும் அதையேதான் கேட்டாள். நீங்கள் வாயைத் திறக்கவில்லை. எல்லாருக்கும் நான்தான் பதில் சொன்னேன். "அந்த இன்ஜின் சத்தத்துல பக்கத்துல இடி விழுந்தாலும் கேக்காது. எம் புருஷன் மேல பழி போடாதீங்க." வீடு வீடாக ஏறி இறங்கிச் சொன்னேன். அதனால்தான் அண்ணி என்னோடு பேச்சை நிறுத்தினார்.

இப்போது அவரே வந்து, "அந்த எடத்த ஒரே ஒரு தடவை பாக்கணும். கூட்டிட்டுப் போறியா?" என்கிறார். உங்கள் கடிதம் வந்த மறுநாள் இது. மார்ச் இரண்டாம் சனிக்கிழமை வருகிறோம். அந்த இரண்டு இடமும் எங்களுக்குத்தான்.

மனதில் ஒன்று கிடக்கிறது, எழுதிவிடுகிறேன். நான் இந்த வேலைக்குக் கிளம்பிய அன்று நீங்கள் போ என்றும் சொல்லவில்லை, இரு என்றும் சொல்லவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். இரு என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பெட்டியை இறக்கி வைத்திருப்பேன்.

வேளைக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள் ஊசி


அறை 7
மார்ச் 2

அன்புள்ள ஊசிக்கு,

நீ வா. உன் அண்ணி வேண்டாம்.

இந்த மாதம் காற்று அதிகம். மேகம் மூடினால் பேட்டரி பாதி வழியில் சோர்ந்துவிடும். இருக்கையும் குறுகல். எழுதிவிட்டுப் படித்தால் எல்லாம் சப்பைக்கட்டு என்று எனக்கே தெரிகிறது.

போன வாரம் ஒரு பயணியின் தொப்பி காற்றில் பறந்து கடலில் விழுந்தது. "அச்சச்சோ" என்று மெல்லத்தான் சொன்னார். நான் உடனே மோட்டாரை நிறுத்தி, படகை வளைத்துத் திருப்பி, கொக்கிக் கழியால் எடுத்துக் கொடுத்தேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. எல்லாரும் கை தட்டினார்கள். நான் கழியைக் கீழே வைக்காமல் அந்தத் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றேன். டிக்கெட் பார்க்கும் பெண் என்னை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தாள். "ஒரு தொப்பிக்கு ஏன் சார் இவ்ளோ பதட்டம்?" என்று கேட்டாள்.

உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. நேரில் பார்த்தால் சொல்லிவிடுவேன் என்று நினைக்கிறேன். அதனால்தான் நீ மட்டும் வா என்கிறேன்.

உன்னவன்


தையல் பிரிவு
மார்ச் 17

என்னங்க,

நீங்கள் வேண்டாம் என்று எழுதியும் அண்ணியை அழைத்து வந்தேன். ஆறு வருடம் கழித்து ஒன்று கேட்டவரிடம் பேட்டரி சரியில்லை என்று எப்படிச் சொல்வது?

நன்றாகத்தான் இருந்தது உங்கள் படகு. செம்பாறைச் சரிவைத் தாண்டியதும் பயணிகள் எல்லாரும் தாமாகவே பேச்சை நிறுத்திவிட்டார்கள். நல்ல துணியைக் கத்தரி ஓடவிட்டு வெட்டும்போது வருமே, அந்த மாதிரி ஒரு சத்தத்தோடு தண்ணீர் பிரிந்துகொண்டே வந்தது. பாறை நிறையப் பறவை. சூரியன் அதற்குப் பின்னால் இறங்கிக்கொண்டிருந்தது. நீங்கள் மோட்டாரை நிறுத்தினீர்கள். ஆளாளுக்குச் சூரியனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போட்டோ எடுத்தார்கள்.

அண்ணி எழுந்திருக்கவே இல்லை. கடைசி வரிசையில் உட்கார்ந்தபடியே, குரலைக்கூட உயர்த்தாமல், "அண்ணே, எந்த எடம்?" என்றார். நீங்கள் சட்டென்று திரும்பினீர்கள். கையைக் காட்டினீர்கள். அண்ணி அந்தத் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அவரு கூப்பிட்டாரா?" என்று கேட்டார்.

"அன்னைக்கு இன்ஜின்..." என்று தொடங்கி நிறுத்தினீர்கள்.

அண்ணி காத்திருந்தார். பக்கத்தில் இருந்தவர்களும் போட்டோ எடுப்பதை விட்டுவிட்டுப் பார்த்தார்கள். நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். நான் என்ன செய்தேன்? "சத்தத்துல கேக்கலன்னு சொல்லுங்க" என்றேன். நீங்கள் அதையும் சொல்லவில்லை. முன்பக்கம் திரும்பி மோட்டாரைப் போட்டுவிட்டீர்கள். ஐந்து நிமிடம் ஆகவில்லையே என்று யாரோ குறைபட்டுக்கொண்டார்கள். துறையில் இறங்கும்போதும் கயிறு கட்டுவதிலேயே குனிந்து நின்றீர்கள்.

பஸ்ஸில் அண்ணி ஒரே ஒரு வாக்கியம்தான் பேசினார். "அவரு பொய் சொல்ல வரல. நீதான் எடுத்துக் கொடுத்த."

அன்றிலிருந்து எனக்கு வேலை ஓடவில்லை. நேற்று ஒரு போர்வையின் ஓரத்தைத் தலைகீழாக மடித்துத் தைத்துவிட்டேன். நேரில் சொல்வதாக எழுதியிருந்தீர்கள், சொல்லவில்லை. எழுதியாவது அனுப்புங்கள். இந்த முறை நான் எடுத்துக் கொடுக்க மாட்டேன். முழுவதையும் நீங்களே சொல்ல வேண்டும்.

உங்கள் ஊசி


அறை 7
மார்ச் 24

அன்புள்ள ஊசிக்கு,

சொல்கிறேன்.

அன்று தீவுக்குச் சாமான் இறக்கிவிட்டுத் திரும்பி வந்துகொண்டிருந்தோம். நான் சுக்கானில், மச்சான் பின்னால். வழியெல்லாம் சண்டை. உன்னைப் பற்றித்தான். ஆஸ்பத்திரி வேலைக்கு உனக்கு உத்தரவு வந்திருப்பதை நீ முதலில் அவரிடம் சொல்லியிருக்கிறாய். "தங்கச்சிய அனுப்பி வை மாப்ளே. நல்ல வேலை. நீயும் கூடப் போ, கடல் எங்கயும் ஓடிடாது" என்றார். என் பெண்டாட்டி எங்கே போக வேண்டும் என்று நீங்கள் சொல்லாதீர்கள் என்று கத்தினேன். அவர் விடவில்லை. "ஒன்னுக்கும் வாயத் திறக்க மாட்ட, கோபம் மட்டும் வரும்" என்றார். அதற்குப் பிறகு நான் அவர் பக்கம் திரும்பவில்லை.

பறவைப் பாறை வந்தது. அங்கே அடியில் கல் இருப்பதால் எப்போதும் வேகத்தைக் குறைப்போம். அன்றும் குறைத்தேன். இன்ஜின் சத்தம் தணிந்திருந்தது.

"மாப்ளே" என்று ஒரு குரல். மறுபடி ஆரம்பிக்கிறார் என்று நினைத்தேன். திரும்பவில்லை.

இன்னொரு தடவை. "மாப்ளே, கயிறு."

என்னை வேலை ஏவுகிறார் என்று நினைத்தேன். கயிற்றை நீங்களே சுருட்டுங்கள் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். அவர் குரல் காதில் விழக் கூடாது என்று இன்ஜினைக் கூட்டினேன். கல் இருக்கிற இடம் என்று தெரிந்தும் முழுதாகக் கூட்டினேன்.

எத்தனை நேரம் அப்படிப் போனேன் என்று தெரியவில்லை. கோபம் கொஞ்சம் இறங்கித் திரும்பிப் பார்த்தபோது பின்னால் யாரும் இல்லை. திரும்பப் போனேன். இருட்டும்வரை அந்தப் பாறையைச் சுற்றிச் சுற்றி வந்தேன். மச்சான் கிடைத்தது மூன்றாம் நாள்.

ஆகவே நீ வீடு வீடாகச் சொன்னது பொய் இல்லை. சத்தம் இருந்தது. அதைக் கூட்டியவன் நான். நீ முதல் முறை எனக்காகப் பேசியபோதே தடுத்திருக்க வேண்டும். தடுக்கவில்லை. இரண்டாம் முறை அது எனக்கு வசதியாக இருந்தது. பிறகு நீ சொன்னதே நடந்தது என்று நானே சில நாள் நம்பினேன். நீ பெட்டியோடு நின்ற அன்று இரு என்று சொல்ல என் வாய்க்குத் தகுதி இல்லை. போ என்று சொன்னால் அது மச்சான் சொன்ன வார்த்தை. அதனால்தான் சுவரைப் பார்த்தேன்.

துறைமுக அலுவலகத்தில் போய் இதைச் சொல்லட்டுமா? நீ சொல்கிறபடி செய்கிறேன். உன் அண்ணியிடம் சொல்வதா வேண்டாமா என்பதும் உன் விருப்பம்.

பதில் போடு. திட்டியாவது போடு.

உன்னவன்


தையல் பிரிவு
ஏப்ரல் 20

பதில் தாமதம். எழுதி எழுதிக் கிழித்ததில் ஒரு தாள்கட்டு தீர்ந்துவிட்டது.

அண்ணியிடம் போனேன். கடிதத்தை முழுவதும் படித்துக் காட்டினேன். "கயிறு" என்ற இடத்தில் நிறுத்தச் சொன்னார். "மறுபடி படி" என்றார். நான்கு தடவை படித்தேன். "ஆறு வருஷமா, ஒரு வார்த்தகூடச் சொல்லாம போயிட்டாருன்னு நெனச்சிட்டு இருந்தேன்" என்றார். பிறகு கடிதத்தை என் கையிலிருந்து வாங்கி மடித்து வைத்துக்கொண்டார். அது இப்போது அவரிடம்தான் இருக்கிறது. உங்களை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

அதன் பிறகு லீவு நாட்களில் ஒவ்வொரு வீடாகப் போனேன். யார் யாரிடம் உங்களுக்காகப் பேசினேனோ அவர்களிடமெல்லாம் நான் சொன்னது தவறு என்று சொன்னேன். சிலர் அதையெல்லாம் எப்போதோ மறந்துவிட்டார்கள். "இப்ப எதுக்கும்மா அந்தப் பேச்சு" என்றார்கள். அம்மாவிடம்தான் சொல்ல வழியில்லை. அவள் சாகக் கிடந்த கடைசி நாள் உங்கள் கையைப் பிடித்து, "உங்க மேல ஒரு தப்பும் இல்ல மாப்ளே" என்று சொன்னபோது நீங்கள் கையை இழுத்துக்கொண்டு வெளியே போனீர்கள். துக்கம் தாங்காமல் போகிறீர்கள் என்று வந்திருந்தவர்களிடம் அதற்கும் நானே விளக்கம் சொன்னேன்.

அண்ணன் எனக்காகச் சண்டை போட்டார் என்பதே எனக்கு இப்போதுதான் தெரியும். உத்தரவு வந்ததை உங்களிடம் சொல்லப் பயந்துதான் அவரிடம் சொன்னேன். நான் சொல்லாமல் இருந்திருந்தால் என்று தொடங்கினால் அதற்கு முடிவே இல்லை. சில நாள் தொடங்கிவிடுகிறேன்.

துறைமுக அலுவலகத்தில் சொல்வதா என்று கேட்டிருக்கிறீர்கள். அதை என் தலையில் கட்டாதீர்கள். போவதானால் நீங்களாகப் போங்கள்.

ஒன்று உங்களுக்குத் தெரிய வேண்டும். மார்ச்சில் வந்தபோது நான் பத்து நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். மாற்றுத்துணி எல்லாம் கையில் இருந்தது. அண்ணியை பஸ் ஏற்றிவிட்டு உங்கள் அறைக்கு வருவதாக எண்ணம். நீங்கள் குனிந்தே நின்றதால் நானும் பஸ் ஏறிவிட்டேன். மறுநாளே லீவை ரத்து செய்துவிட்டு மிஷினில் உட்கார்ந்தேன்.

உங்களை வெறுக்க முடிகிறதா என்று பார்த்தேன். முடியவில்லை. எனக்கு அதுதான் பயமாக இருக்கிறது.

இனி எழுத வேண்டாம். கோபத்தில் சொல்லவில்லை. எழுதினால் பிரிப்பேன். பிரித்தால் படிப்பேன். படித்தால் உங்களுக்காக யாரிடமாவது ஏதாவது சொல்ல மறுபடியும் வாய் வரும்.

உங்கள் மச்சானின் தங்கை