ஏழாம் இடத்துப் பனி

கோணல் ஓடை முகாம்
19 அக்டோபர் 2012

என் தங்கை ஒதீலின் புருஷன் ஓனெசிமுக்கு,

மச்சான் என்று எழுத இந்த முறை கை வரவில்லை. இதோடு உலர்ந்த மூஸ் மான் இறைச்சி ஒரு பை அனுப்பியிருக்கிறேன். அது ஒதீலுக்கு. அவள் கொடுத்தால் தின்னு, கேட்டு வாங்காதே.

தண்ணீர் வாரியத்திலிருந்து பெட்டி வந்துவிட்டது. ஓடைத் தண்ணீரைச் சோதித்துச் சுரங்கக் கம்பெனி எழுதிய குறிப்பேடுகளைக் கேட்டு நான் எழுதாத மாதமில்லை. தர வேண்டும் என்று சட்டம் இருக்கிறதாம். இரண்டு வருஷம் இழுத்தடித்துவிட்டு 611 பக்கம் அனுப்பியிருக்கிறார்கள். பாதிக்கு மேல் கறுப்பு மை பூசியிருக்கிறது. நீ மிஷன் பள்ளியில் படித்தவன். நான் மூன்றாம் நாளே அங்கிருந்து ஓடியவன். தோல் வியாபாரி விட்டுப்போன விலைப்பட்டியலை வைத்து எழுத்துக் கூட்டினேன். மெதுவாகத்தான் படிப்பேன். ஆனால் எடுத்ததை முடிக்காமல் வைக்கமாட்டேன்.

388ஆம் பக்கம். ஜனவரி 2006. "ஏழாம் இடம். பனி நான்கு அங்குலம். விதிப்படி நிற்கக் கூடாது. நானூறு அடி மேலே போய் நீர் எடுத்தோம்."

அடுத்த வருஷம்: "மூன்று அங்குலம். மேலே போய் எடுத்தோம்."

டிசம்பர் 11, 2008: "மூன்றுக்கும் குறைவு. கோலால் குத்தினால் உள்ளே போகிறது. மேலே போய் எடுத்தோம்."

கையெழுத்திட்ட இடத்தில் மை பூசியிருக்கிறார்கள். 7 என்ற எண்ணுக்கு இடுப்பில் ஒரு கோடு இழுத்திருக்கிறதே, அதை மறைக்க அவர்களுக்குத் தோன்றவில்லை. இந்தக் கரையில் ஏழுக்கு இடுப்பு கட்டுகிறவன் நீ ஒருவன்தான்.

அந்தக் கடைசிக் குறிப்புக்கு ஐந்து வாரம் கழித்து என் மகன் நார்பெர் அதே ஏழாம் இடத்து வளைவில் பனிவண்டியோடு உள்ளே போனான். என் அப்பன் நாய்வண்டி ஓட்டிய இடம் அது. நாற்பது வருஷம் நான் மூஸ் ஏற்றிவந்த இடம். ஓடை மாறிவிட்டது, கடவுள் எடுத்துக்கொண்டார் என்று நான்கு வருஷமாக நம்பியிருந்தேன். அடக்கத்தன்று என் தோளில் கை போட்டு நீயும் அதையே சொன்னாய்.

மார்ச்சில் வாரியத்தின் விசாரணை நம் ஊர் மண்டபத்தில் நடக்கிறது. கழிவுக்குளத்தைப் பெரிதாக்கக் கம்பெனி அனுமதி கேட்கிறது. அந்த மண்டபத்தில் ஊர் முன்னால் உன்னை நிறுத்தி, இந்த மூன்று பக்கத்தையும் உன் வாயாலேயே படிக்கவைப்பேன். நீ வராவிட்டால் நான் படிப்பேன். எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். அது உனக்கு இன்னும் நீளமாக இருக்கும்.

இசிதோர்

---

எட்மன்டன்
6 நவம்பர் 2012

அன்புள்ள மச்சான் இசிதோருக்கு,

ஒதீல் நலம். முழங்கால் வலிதான் விடவில்லை. இறைச்சிப் பையைப் பிரித்து முகர்ந்துவிட்டு அழுதாள். நான் தொடவில்லை.

நீ எழுதியது எல்லாம் உண்மை. அந்தக் கையெழுத்து என்னுடையதுதான்.

கம்பெனி வேலையில் சேர்ந்த அன்று ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார்கள். களத்தில் பார்த்ததை வெளியே சொல்லக் கூடாது. சொன்னால் வேலை போய்விடும், வழக்கும் போடுவார்கள். பத்து அங்குலத்துக்குக் குறைவான பனியில் ஆள் நிற்கக் கூடாது என்பது விதி. அது எங்கள் உயிருக்காகப் போட்ட விதி, கெட்ட விதியில்லை. அந்த இடத்தில் மட்டும் ஏன் பனி கட்டவில்லை என்று நான் யோசிக்காமல் இல்லை. மேலதிகாரியிடம் ஒருமுறை கேட்டேன். "உன் வேலை தண்ணி எடுக்கிறது. யோசிக்கிறதுக்கு வேற ஆள் இருக்காங்க" என்றார்.

ஆனால் நான் சொல்லாமல் இருக்கவில்லை. உனக்கே சொன்னேன். நார்பெர் போவதற்கு முந்தைய அக்டோபரில், ஊர் விருந்தில். மேற்குப் பொறிக்கோட்டில் மூன்று வருஷம் பொறி வைத்தாயிற்று, வளைவுக் கோடு விலங்குகள் பெருகும் அளவுக்கு ஓய்ந்துவிட்டது, இந்தக் குளிருக்கு அங்கே திரும்புகிறோம் என்று நீ சொன்னாய். நான் என்ன சொன்னேன், நினைவிருக்கிறதா?

"ஏய் மச்சான், அந்த வளைவுக்கா? அங்க இனிமே வாத்துதான்யா நீந்திப் போய்ப் பொறி வைக்கும்!"

"ஏன்டா, என் கோட்டு மேல உனக்குக் கண்ணா? பாட்டில்ல தண்ணி புடிக்கிற பயலுக்குப் பொறி எதுக்கு?"

"பொறி வேணாம்யா. நீ முங்கினா தூக்க ஒரு வலை கொண்டு வர்றேன்."

"என் தங்கச்சி உன்னைத் தூக்கிச் சுமக்கிறாளே, அது பத்தாதா?"

எல்லோரும் சிரித்தார்கள். நார்பெர் ரொட்டியை வாயில் வைத்துக்கொண்டே சிரித்தான். மச்சான், என்னால் முடிந்த வழியில் சொன்னேன்.

உன் மச்சான்,
ஓனெசிம்

---

கோணல் ஓடை முகாம்
25 நவம்பர் 2012

ஓனெசிமுக்கு,

உன் கடிதத்தை அடுப்பில் போடத்தான் எடுத்தேன். பிறகு, மண்டபத்தில் இதையும் படிக்கலாம் என்று வைத்துக்கொண்டேன்.

நம் ஊர் முறை உனக்குத் தெரியாதா? மச்சானும் மச்சானும் சந்தித்தால் கேலிதான் பேசவேண்டும். மச்சான் சொல்வதை மெய்யென்று எடுப்பவன் மடையன். வீடு தீப்பிடித்தால்கூட மச்சானை அனுப்பிச் சொல்லமாட்டோம், யாரும் எழுந்து வரமாட்டார்கள். அதனால்தான் சாவுச் செய்தியைத் தம்பியோ மகளோ கொண்டுபோகிறார்கள். ஐம்பது வருஷம் இந்த முறையில் வாழ்ந்த நீ, உயிர் போகிற செய்தியை என்னிடம் வாத்து என்று சொல்லிவிட்டு, சொன்னேன் என்கிறாய்.

நார்பெர் உனக்கு மருமகன். மருமகனிடம் கேலி கிடையாது. நேராகப் பேசலாம், அதட்டலாம், காதைத் திருகலாம். "டேய், அந்தப் பக்கம் போகாதே" என்று நீ சொல்லியிருந்தால் போயிருக்கமாட்டான். அந்த விருந்தில் உனக்கும் அவனுக்கும் நடுவே ஒரு தேநீர்க் கெண்டிதான் இருந்தது. நீ அவன் பக்கம் திரும்பவில்லை. எங்கே சொன்னால் யாரும் நம்பமாட்டார்களோ அங்கே பார்த்துச் சொன்னாய். உன் வேலையும் போகவில்லை, உன் மனச்சாட்சிக்கும் ஒரு வாய் ஊட்டிவிட்டாய்.

ஜனவரியில் புறப்படும்போது நார்பெர் கேட்டான்: "அப்பா, மாமா சொன்னாரே, வளைவைக் கோலால குத்திப் பார்த்துட்டுப் போகட்டா?"

"உங்க மாமன் பேச்சைக் கேட்டா கோடைக்காலத்துலகூட பனியைக் குத்திக்கிட்டு நிப்பே. போடா" என்றேன்.

இதை யாரிடமும் நான் சொன்னதில்லை. உனக்கு ஏன் சொல்கிறேன் என்றால், இனி நீயும் சுமக்கவேண்டும். அந்த வார்த்தையை என் வாயில் வைத்தவன் நீ.

இப்போது காரியத்துக்கு வருகிறேன். ஏழாம் இடத்தில் குளிர்காலத் தண்ணீர் ஒருமுறைகூட எடுக்கப்படவில்லை, அதனால் கசிவுக்கு ஆதாரம் இல்லை என்று கம்பெனி எழுதிக் கொடுத்திருக்கிறது. கோடையில் எடுத்த தண்ணீர் இருக்கிறது. ஓடை நிரம்பி ஓடும்போது எதைக் கலந்தாலும் தெரியாது என்பது அவர்களுக்கும் தெரியும். போன மார்ச்சில் நானே நீண்ட கழியில் ஜாடியைக் கட்டி எடுத்து அனுப்பினேன். முத்திரை இல்லை, பயிற்சி பெற்றவர் கையெழுத்து இல்லை என்று திருப்பிவிட்டார்கள். என் ஜாடியைக் கழுவிக்கூட அனுப்பவில்லை.

உன் சான்றிதழ் அடுத்த வருஷம்வரை செல்லும் என்று ஒதீல் எழுதியிருக்கிறாள். பிப்ரவரியில் வா. ஏழாம் இடத்தில் நீ எடு. மேலே போய் அல்ல. அங்கேயே.

இசிதோர்

---

எட்மன்டன்
18 டிசம்பர் 2012

அன்புள்ள மச்சானுக்கு,

உன் கடிதத்தை மூன்று நாள் சட்டைப்பையில் வைத்திருந்தேன். ஆம், அவன் பக்கம் நான் திரும்பவில்லை.

வருகிறேன். புட்டிகள், முத்திரைகள், படிவங்கள் எல்லாம் வாரியத்திடமே நேராக எழுதி வாங்கிவிட்டேன். அந்த ரகசியத் தாளைப் பற்றி ஒரு வக்கீலிடம் கேட்டேன். விசாரணையில் சத்தியம் செய்து சொல்வதை அது தடுக்காதாம். அப்போதே கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

எனக்கு அறுபத்தெட்டு, உனக்கு எழுபத்திரண்டு. அந்தப் பனியில் நம் இருவரில் யார் இறங்குவது?

ஓனெசிம்

---

கோணல் ஓடை முகாம்
8 ஜனவரி 2013

ஓனெசிமுக்கு,

நீ இறங்கு. நான் கயிறு பிடிக்கிறேன்.

கயிறு புதிதாக வாங்கவேண்டியதில்லை. நார்பெரை வெளியே இழுத்த கயிறு இருக்கிறது. நாற்பது முழம். அறுந்தது இல்லை.

எங்கே போகிறாய், யார் கயிறு பிடிக்கப்போகிறார்கள் என்று ஒதீலிடம் சொல்லிவிட்டு வா. அவளிடம் பொய் சொன்னால் நான் வரமாட்டேன். அவள் என் தங்கை. எதுவானாலும் தெரிந்துதான் அனுப்பவேண்டும்.

இசிதோர்

---

எட்மன்டன்
24 பிப்ரவரி 2013

அன்புள்ள மச்சானுக்கு,

இரண்டு வாரம் முன்பே நல்லபடியாக வீடு வந்து சேர்ந்தேன். விமானம் ஒரு நாள் தாமதம். ஒதீல் என்னைப் பார்த்ததும் முதலில் இடுப்பைத் தொட்டுப் பார்த்தாள். கயிற்றுத் தழும்பு இருந்தது.

பரிசோதனைச்சாலையிலிருந்து முடிவு வந்துவிட்டது. ஏழாம் இடத்தில் எடுத்த மூன்று புட்டியிலும் கழிவுக்குளத்தில் இருக்கும் அதே அமிலம். நானூறு அடி மேலே எடுத்த புட்டியில் ஒன்றுமில்லை. குளத்திலிருந்து மண்ணுக்கடியில் கசிந்துவரும் வெதுவெதுப்பான தண்ணீர் அந்த வளைவில்தான் ஊறுகிறது. அந்தச் சூட்டில்தான் பனி கட்டவில்லை. பனி மெலிந்ததே கசிவுக்குச் சாட்சி. அந்தச் சாட்சியைப் பார்த்துப் பயந்து இத்தனை வருஷம் மேலே மேலே போயிருக்கிறோம்.

மார்ச் 12 அன்று மண்டபத்துக்கு வருவேன். மூன்று பக்கத்தையும் நானே படிப்பேன்.

இன்னொன்று. எழுதாமல் இருக்கலாம் என்றுதான் பார்த்தேன். நான் பலகைமேல் குப்புறப் படுத்து மூன்றாவது புட்டியை நிரப்பும்போது எனக்கடியில் பனி விரிசல் விட்டுப் பேசியது. படிவத்தில் எழுத, "மணி என்ன மச்சான்?" என்று கேட்டேன். "பதினொண்ணு இருபது. எழுது" என்றாய். அப்போது இடுப்பில் கயிறு தளர்ந்தது. திரும்பிப் பார்த்தேன். நீ கயிற்றைப் பனிமேல் போட்டுவிட்டு, கையுறையைக் கழற்றி, புகையிலைப் பையைப் பிரித்துக்கொண்டிருந்தாய். என்னைப் பார்த்துக்கொண்டேதான் பிரித்தாய்.

நான் கூப்பிடவில்லை. பதினொன்று இருபது என்று எழுதினேன். மூடியைத் திருகினேன். அதற்குப் பிறகுதான் கயிறு மறுபடி இறுகியது.

ஒதீலிடம் சொல்லவில்லை. சொல்லவும்மாட்டேன்.

ஓனெசிம்

---

கோணல் ஓடை முகாம்
2 ஜூன் 2013

மச்சான்,

பார், கை வந்துவிட்டது.

வாரியத்தின் தீர்ப்பை நீயும் படித்திருப்பாய். நான் நான்கு முறை படித்தேன். குளத்தைப் பெரிதாக்க அனுமதி இல்லை. ஐந்து குளிர்காலம் ஏழாம் இடத்தில் தண்ணீர் எடுத்துப் பார்த்த பிறகுதான் பேச்சே. அந்த வளைவின் இரு கரையிலும் எச்சரிக்கைப் பலகை நட்டாயிற்று. நட்டவன் கம்பெனி ஆள். குழி சரியில்லை என்று நான் மூன்று முறை தோண்டவைத்தேன். கல்லில் பட்டு அவன் மண்வெட்டி வளைந்துபோனது. ஒரு தேநீர்கூடக் கொடுக்கவில்லை.

மண்டபத்தில் டிசம்பர் பதினொன்றைப் படிக்கும்போது உன் குரல் உடைந்தது. தண்ணீர் கொடுக்க ஒரு பெண் எழுந்தாள். அவளை நான்தான் உட்காரச் சொன்னேன். அதன் பிறகு நீ அந்தப் பக்கத்தை முடித்தாய். மறுநாள் ஊர்க் கடைக்கு வெளியே உன்னை யாரும் கேலி பேசவில்லை, கவனித்தாயா? நம் ஊரில் ஒரு மனிதனோடு கேலியை நிறுத்திவிட்டார்கள் என்றால் அவனைப் புதைத்துவிட்டார்கள் என்று பொருள். நான் கேட்டது கிடைத்தது. நன்றாகத் தூங்குவேன் என்று நினைத்திருந்தேன். தூக்கம் வரவில்லை.

கயிற்றைப் பற்றிக் கேட்டிருந்தாய். நீ கேட்கவில்லை, ஆனால் கேட்டாய். அந்தப் புகையிலை நார்பெருக்கு. அவன் போன நாளிலிருந்து அந்தத் தண்ணீருக்கு நான் காணிக்கைப் புகையிலை போட்டதில்லை, கோபம். அன்று போட இரண்டு கையும் வேண்டியிருந்தது. அது பாதி. மீதிப் பாதியும் உனக்குத் தெரியும். பத்துவரை எண்ணத் தொடங்கினேன். நீ கத்தினால் கயிற்றை எடுக்கக் கூடாது என்று முடிவு செய்திருந்தேன். நீ கத்தவில்லை. எட்டில் ஒதீலின் முகம் வந்தது. எடுத்துவிட்டேன்.

மன்னித்துவிட்டேன் என்று எண்ணிக்கொள்ளாதே.

தீர்ப்பின் கடைசிப் பக்கத்தைப் பார்த்தாயா? நவம்பர் முதல் ஏப்ரல்வரை மாதம் ஒருமுறை. கம்பெனி ஆள் எடுக்கக் கூடாது. இந்த ஊரைச் சேர்ந்த, பயிற்சி பெற்ற ஒருவர் எடுக்கவேண்டும், கயிறு பிடிக்க உடன் ஒருவர் இருக்கவேண்டும். இரண்டு பெயரையும் வாரியத்துக்கு எழுதிக் கொடுத்தவன் நான். உன் சான்றிதழைப் புதுப்பித்துக்கொள். குளிருக்கு ஆறு முறை, ஐந்து குளிர்காலம், முப்பது முறை நீ அந்தப் பலகையில் குப்புறப் படுக்கவேண்டும். முப்பது முறையும் கயிறு என் கையில் இருக்கும்.

ஒதீலுக்கு இறைச்சி அனுப்பியிருக்கிறேன். இந்த முறை நீயும் தின்னு. ரொம்பத் தின்னாதே. கனம் கூடினால் பனி தாங்காது, எனக்கும் இழுக்கிற வயதில்லை.

சிரித்தாயா? இது கேலியா, மெய்யா என்று நீயே முடிவு செய்துகொள். நார்பெரும் அப்படித்தான் முடிவு செய்யவேண்டியிருந்தது.

நவம்பரில் பார்ப்போம்.

உன் மச்சான்,
இசிதோர்