உன் போனுக்கு வந்த நோட்டீஸ்

இன்று காலை ஷெட்டைத் திறந்துகொண்டிருந்தபோது சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. ஜி.எஸ்.டி. ஓடிபி. கூடவே, புதுவாயலில் நீ கணக்கு எழுதிய கடையிலிருந்து போனில் உன் மனைவியின் குரல்: “அண்ணே, ஓடிபி வந்துச்சா? படிங்க.” படித்தேன். பூட்டைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன். இத்தனை வருஷம் நான் கேட்பேன், நீ படிப்பாய். இப்போது என் நம்பரையே பதிவில் போட்டாயிற்று, என்னிடம் கேட்கிறார்கள்.

ரிட்டர்ன் போட வேண்டிய இருபதாம் தேதி வந்தால் உன் பாடு திண்டாட்டமாகத்தான் இருக்கும். கும்மிடிப்பூண்டியில் என்னைப் போலச் சின்னப் பட்டறை வைத்திருப்பவன் எவனும் ஜி.எஸ்.டி. பதிவின்போது தன் நம்பரைக் கொடுக்கவில்லை. இங்கிலீஷில் மெசேஜ் வந்தாலே நாங்கள் போனை அடுத்தவனிடம் நீட்டுவோம். “உன் நம்பரையே போட்டுக்க மச்சி, எங்களுக்கு இன்னாத்துக்கு இந்த பேஜாரு?” என்று உன் தலையில் கட்டினோம். மெயிலும் உன்னுடையதுதான். கல்யாணப் பந்தியில் ஒரு கையால் சாம்பார் சாதம் பிசைந்துகொண்டே மறு கையில் போனைப் பிடித்து யாருக்கோ ஓடிபி எண் சொல்லிக்கொண்டிருந்தாயே, அதைப் பார்த்து எவ்வளவு சிரித்திருப்போம்!

என் ஷெட்டுக்கு வரி அதிகாரிகள் முதல்முறை தணிக்கைக்கு வந்தபோது நான் பிரியாணிக்கு ஆள் அனுப்பியது நினைவிருக்கிறதா? நீ வாசலிலேயே மடக்கிவிட்டாய். “பயந்தவன்தான்டா பிரியாணி வாங்குவான். டீ போதும்.” உள்ளே போய், எதற்காக வந்திருக்கிறார்கள் என்ற உத்தரவை வாங்கிப் படித்தாய். பில் கட்டுகளை அவர்கள் தூக்கியபோது, “எடுத்துக்கினு போறதுக்கு ஒரு கையெழுத்து போட்டுக் குடுங்க சார், அது எங்க உரிமை” என்றாய். எனக்கு உயிரே போய்விட்டது. அந்த அதிகாரியோ சிரித்துக்கொண்டு கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அவர்கள் போன பிறகு சொன்னாய்: “நோட்டீஸுன்னா சண்டை இல்லடா. கேள்வி. பதில் சொன்னா முடிஞ்சிச்சி.”

நீ போன பிறகும் உன் போனுக்கு அழைப்புகள் வந்துகொண்டுதான் இருந்தன. என்ன சொல்வது என்று தெரியாமல் உன் மனைவி கேட்டவர்களுக்கெல்லாம் எண்ணைப் படித்துச் சொல்லிக்கொண்டிருந்தாள். பாவம், துக்கம் கேட்க வந்தவர்கள் முன்னாலேயே எழுந்து போய்ப் படிப்பாள். கொஞ்சம் கொஞ்சமாக ரிட்டர்ன் போடவும் கற்றுக்கொண்டாள். ஆனால் மெயிலின் பாஸ்வேர்டு உன்னோடு போய்விட்டது. எனக்கு வந்த கேள்விகள் எல்லாம் அதற்குள் விழுந்து கிடந்தன. எனக்குத் தகடு விற்றவன் வரியை வாங்கிக்கொண்டு கட்டாமல் விட்டிருக்கிறான். அதற்கு என்னிடம் விளக்கம் கேட்டிருக்கிறார்கள். பதில் போகவில்லை. நேரில் வரச் சொல்லியிருக்கிறார்கள், ஆள் போகவில்லை. கடைசியில் வரி, வட்டி, அபராதம் என்று உத்தரவே போட்டுவிட்டார்கள்.

பொங்கலுக்கு முன்னால் ஆள்களுக்குச் சம்பளம் எடுக்க வங்கிக்குப் போனேன். கணக்கை முடக்கியிருந்தார்கள். வெல்டிங் ஆள்கள் ஷெட் வாசலில் நிற்கிறார்கள், நான் வெறுங்கையோடு வருகிறேன். அப்படி ஒரு அவமானம் என் எதிரிக்கும் வேண்டாம்.

திருவள்ளூரில் ஒரு வக்கீலைப் பிடித்தேன். மேல்முறையீட்டுக்கான மூன்று மாதம் தாண்டிவிட்டது, இன்னும் ஒரு மாதம் வரைதான் ஏற்பார்கள், அதுவும் தாமதத்துக்குச் சரியான காரணம் காட்டினால்தான் என்றார். ஏற்றுக்கொண்டால், கேட்ட வரியில் பத்தில் ஒரு பங்கைக் கட்டினால் போதும், மீதிக்காக நெருக்க மாட்டார்கள், கணக்கும் திறக்கும். என் மினி வேனை விற்று அதைக் கட்டிவிடலாம் என்று அங்கேயே முடிவு செய்தேன். காரணம்தான் இடித்தது. “கணக்கு பாத்தவரோட அலட்சியம்னு எழுதிடலாம். எல்லாரும் அப்பிடித்தான் போடுவாங்க. செத்தவரு வந்து கேக்கவா போறாரு?” என்றார் வக்கீல்.

பக்கத்தில் உன் மனைவி உட்கார்ந்திருந்தாள். என் பழைய பில்களை உன் கடையில் தேடி எடுத்து வந்திருந்தாள். தலையைக் குனிந்துகொண்டே, “எழுதுங்கண்ணே. பொங்கலும் அதுவுமா ஆளுங்க ஊட்ல அடுப்பு எரியணும். அவரு ஒண்ணும் நெனச்சிக்க மாட்டாரு” என்றாள்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. யார் மேல் என்று கேட்காதே. வக்கீல் மேல், தகட்டுக்காரன் மேல், சொல்லாமல் கொள்ளாமல் போன உன் மேலும்தான். “அவன் அலட்சியமா? நாங்கதான் எங்க நம்பரக் கூட அவன் தலையில கட்டுனோம். நடந்தத நடந்த மாதிரியே எழுதுங்க சார்” என்றேன். “தள்ளுபடி ஆனா என்கிட்ட வரக்கூடாது” என்றார். எழுதினார். உன் இறப்புச் சான்றிதழின் நகலை உன் மனைவி பைக்குள்ளிருந்து எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

சென்னையில் விசாரணை. மேல்முறையீட்டு அதிகாரி ஒரு அம்மா. காகிதத்தைப் படித்துவிட்டு நிமிர்ந்தார். “வழக்கமா ஆடிட்டர் மேலதான் பழி போடுவாங்க. நீங்க, அவரு இறந்துட்டாருன்னு மட்டும் எழுதியிருக்கீங்க?”

“அவன் இருந்த வரைக்கும் ஒரு கேள்வி கூட பதில் இல்லாம போனதில்ல மேடம்” என்றேன்.

அவர் உன் இறப்புச் சான்றிதழைப் புரட்டித் தேதியைப் பார்த்தார். பிறகு தாமதத்தை மன்னித்து மனுவை எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். வழக்கு இன்னும் நடக்கிறது; ஜெயிப்போமா தெரியாது. கணக்கு திறந்து, பொங்கல் முடிந்துதான் சம்பளம் கொடுக்க முடிந்தது. ஆள்கள் முகம் சுளிக்காமல் வாங்கிக்கொண்டார்கள்.

அன்று விசாரணை முடிந்து வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போதுதான் அழுதேன், மச்சி. உன் சாவு வீட்டில் பந்தல் போட, ஐஸ் பெட்டி சொல்ல, பால் வாங்க என்று ஓடிக்கொண்டிருந்தேன். ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. கடைசியில், நீ இல்லை என்பதை ஒரு வரி அலுவலகத்தில் உட்கார்ந்து என் வாயால் சொல்ல வேண்டியிருந்தது.