இரண்டாவது உப்பு

கோலியனூர்,
ஆவணி 29, ஞாயிறு.

அன்புள்ள தங்கச்சி பொன்னிக்கு,

வேணி அக்கா எழுதிக்கொள்வது. இங்கே எல்லாரும் சுகம். உன் சுகத்தை விசாரிக்கும் யோக்கியதை எனக்கு இருக்கிறதா என்று தெரியவில்லை, ஆனாலும் விசாரிக்கிறேன். கவரின் மேல் என் பெயரைப் பார்த்தால் அப்படியே கிழித்துப் போட்டுவிடுவாயோ என்று பயந்து, அனுப்புநர் இடத்தில் என் வீட்டுக்காரர், உன் மாமா சீனுவாசன் பெயரைத்தான் போட்டிருக்கிறேன். பிரித்துவிட்டாய் அல்லவா? இனிமேல் முறைத்துப் பிரயோசனம் இல்லை. கடைசிவரை படித்துவிடு.

போனில் சொல்லக்கூடாதா என்பாய். நீ என் போனை எடுப்பதில்லை, அது உன் நியாயம். எடுத்தாலும் என் வாய் உனக்குத் தெரியாததா? நல்லதைச் சொல்ல ஆரம்பித்தாலும் நாலாவது வார்த்தையில் கத்திவிடுவேன். பேப்பரில் கத்த முடியாது பார், அதற்காகத்தான் கோடு போட்ட நோட்டு வாங்கி உட்கார்ந்திருக்கிறேன்.

தலையான சேதியை முதலிலேயே எழுதிவிடுகிறேன். வைகாசியில் விழுப்புரம் மண்டபத்தில், லட்சுமியம்மாள் வீட்டுக் கல்யாணத்தில், சாம்பாரில் இரண்டாவது தடவை உப்புப் போட்டது நீ இல்லை பொன்னி. நான். முதல் தடவை போட்டதும் நான்தான்.

இதை நீ உன் கூடப்பிறந்த அக்கா ஜெயத்துக்கும் வாய்விட்டுப் படித்துக் காட்ட வேண்டும். அதனால் உனக்குத் தெரிந்ததையும் சேர்த்தே எழுதுகிறேன். ஜெயம், எங்கள் சமையல் கட்டில் பத்துப் பேர் வேலை செய்தாலும் உப்புப் போடுகிற கை ஒன்றுதான். அது தலைமைச் சமையல்காரியான என் கை. உப்புப் போட்டதும் அண்டாவின் மூடிமேல் ஒரு கொத்துக் கறிவேப்பிலை வைத்துவிடுவேன். இலை இருந்தால் உப்பு விழுந்தாயிற்று, யாரும் தொடக்கூடாது. இலை இல்லை என்றால் இன்னும் விழவில்லை. இருபது வருஷமாக இதுதான் சட்டம். போட்டவள் நான், மீறினவளும் நான்.

அன்றைக்குச் சாம்பாருக்கு உப்பை அள்ளிப் போட்டுவிட்டுக் கறிவேப்பிலைக்குத் திரும்பினேன். அந்த நேரம் பார்த்து மண்டபத்து மேனேஜர் சிலிண்டர் விஷயமாகக் கூப்பிட்டார். அவரோடு ஒரு மூச்சு சண்டை போட்டுவிட்டு வந்து பார்த்தால் மூடிமேல் இலை இல்லை. மறுபடியும் அள்ளிப் போட்டேன். இந்தத் தடவை ஒழுங்காக இலையும் வைத்தேன். கொஞ்ச நேரம் கழித்து வாயில் ஊற்றிப் பார்த்தால், மரக்காணம் உப்பளத்தையே லாரியில் கொண்டுவந்து கொட்டின மாதிரி இருக்கிறது. முதல் பந்திக்கு இலை போட்டாயிற்று. எலுமிச்சம்பழம், உருளைக்கிழங்கு, வெந்நீர் எதற்கும் அது மசியவில்லை.

அடுத்து நடந்ததை எழுத எனக்குக் கை கூசுகிறது, ஆனாலும் எழுதுகிறேன். என்னை விட்டால் அண்டாவைத் திறக்கத் துணிகிறவள் நீ ஒருத்திதான், அதனால் நீதான் போட்டிருப்பாய் என்று முடிவு கட்டினேன். பெண் வீட்டார் அத்தனை பேர் நிற்கும்போது, "சோத்துல உப்பு போட்டுத்தானடி துன்ற? என் பேரக் கெடுக்கத்தான் கூடவே சுத்திக்கினு இருந்தியா?" என்று உன்னைக் கேட்டேன். "நான் போடலக்கா" என்று நீ மூன்று தடவை சொன்னாய், மூன்றாவது தடவை எனக்கே சரியாகக் கேட்கவில்லை. இடுப்பில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து, மடித்து, காய்க் கூடையின்மேல் வைத்துவிட்டு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தாய். பதினாலு வருஷம் என் பக்கத்தில் நின்றவள். நான் நிறுத்தவில்லை. ஒரு பாவியாவது என்னைச் செருப்பால் அடித்திருக்கலாம்.

உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அன்றைக்குச் சாயங்காலமே சந்தேகம்தான். பாத்திரம் கழுவும்போது உள்ளங்கை எரிந்தது. ஒரு தடவை அள்ளினால் எரியாது. ஆனால் கோபப்பட்டவளுக்குத் தான்தான் சரி என்று இருக்க வேண்டுமே! அந்தச் சந்தேகத்தை அண்டா அழுக்கோடு சேர்த்துத் தேய்த்துக் கழுவிவிட்டேன்.

ஆனியில் லட்சுமியம்மாள் வீட்டுக்குப் போனபோது கல்யாண வீடியோ போட்டார்கள். வீடியோக்காரன் ராஜ்குமார் சமையல் கட்டில் ஒரு கேமராவை ஸ்டாண்டில் நிறுத்தி வைத்துவிட்டுப் போயிருந்தானாம். அதை ஜல்தி ஜல்தியாக ஓட்டிப் பாட்டுப் போட்டிருந்தான். நாம் எல்லாம் எறும்பு மாதிரி ஓடுகிறோம், பார்த்தவர்கள் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். அதில் நான் ஒரு தடவை உப்பு அள்ளுகிறேன், போகிறேன், வருகிறேன், மறுபடியும் அள்ளுகிறேன். நீ மூலையில் உட்கார்ந்து வாழைக்காய் சீவுகிறாய். அங்கிருந்து ஒரு தடவைகூட எழுந்திருக்கவில்லை. கறை படியாமல் இருக்க உன் இரண்டு கையிலும் எண்ணெய் தடவியிருந்தது, அதுகூடப் பளபளவென்று தெரிந்தது.

வேறு யார் கண்ணிலும் அது படவில்லை. நானும் அவர்களோடு சேர்ந்து சிரித்துவிட்டு, காப்பி குடித்துவிட்டு வந்துவிட்டேன். அப்போதே வாயைத் திறந்திருக்கலாம், திறக்கவில்லை. உப்புப் போட்டது மறதி, ஒத்துக்கொள்கிறேன். இது மறதி இல்லை. இதற்குத்தான் உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.

வீட்டுக்கு வந்து எனக்கு நானே ஒரு தண்டனை கொடுத்துக்கொண்டேன். என் தட்டுக்கு உப்பு கிடையாது. சோறு, குழம்பு, மோர் எதிலும் இல்லை. உன்னைக் கேட்ட கேள்விக்கு நானே உப்பில்லாமல் தின்று காட்டுகிறேன் என்று ஒரு வீம்பு. மாமா கேட்டார், பிரஷர் என்று பொய் சொன்னேன். அதனால் உனக்கு ஒரு பருக்கை லாபம் உண்டா? இல்லை. நான் இன்னும் சிடுசிடுவென்று ஆனதுதான் மிச்சம். புதிதாக வந்த அஸ்வினியை, பாவம், கல்லு, மண்ணு என்று எதையெல்லாமோ சொல்லித் திட்டினேன்.

ஆடியில் திருவாமாத்தூரில் ஒரு வீட்டில் அம்மனுக்குக் கூழ் ஊற்றப் போயிருந்தோம். கேப்பைக் கூழைக் கிண்டிக்கொண்டே இருந்தவள், அடுப்பு இரண்டாகத் தெரிகிறதே என்று நினைத்தேன். அவ்வளவுதான், கண் விழித்தால் ஆஸ்பத்திரிக் கட்டில். நல்ல வேளை, அடுப்புப் பக்கம் சாயாமல் நம் சமையல் கட்டு மாரியப்பன் தாங்கிப் பிடித்துவிட்டான். அங்கே நர்ஸ் கவிதா, உடம்பில் உப்புச் சத்து அடியோடு இறங்கியிருக்கிறது, இந்த வெயிலில் அடுப்படியில் நிற்பவள் யாரைக் கேட்டு உப்பை விட்டாய் என்று என்னைவிட நன்றாகத் திட்டினாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

மாமா பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். மனுஷன் டெம்போ ஓட்டுகிறவர், பேச்சே வராது. அன்றைக்கு வந்தது. "ஒரு அண்டா கெட்டா கவுத்துட்டு அடுத்த அண்டாவ ஏத்துற. உன்ன மட்டும் இன்னாத்துக்கு ஊசிப் போவ விட்டுக்கினு கீற? பொன்னியாண்ட சொல்லு, சொல்லிட்டு சாப்புடு" என்றார். அவ்வளவுதான் சொன்னார், சொல்லிவிட்டு இட்லி வாங்கப் போய்விட்டார். உப்புப் போட்ட சட்னியோடு நாலு இட்லி சாப்பிட்டேன். அப்பப்பா, என்ன ருசி!

சொல்லலாம் என்று தைரியம் வந்தபோது நீ போனை எடுக்கவில்லை. ஆடிக் கடைசியில் விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் ஜெயத்தைப் பார்த்தேன். முகத்தைத் திருப்பிக்கொண்டாள், நான் விடவில்லை, திருப்பூர் பஸ் கிளம்புகிறவரை கூடவே நின்றேன். அப்போதுதான் அவள் சொன்னாள். நீ திருப்பூரில் அவளோடு தங்கி, பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டுகிறாயாம். வீட்டில் சமைக்கிறாயாம், ஆனால் உப்பு மட்டும் நீ போடுவதில்லையாம். "நானே தெரியாம போட்டிருப்பேன்போல, வேணியக்கா சும்மா சொல்லுவாங்களா, என் கைய நம்பாத" என்று ஜெயத்தைக் கூப்பிட்டுத்தான் போடச் சொல்கிறாயாம்.

பொன்னி, நீ என்மேல் கோபமாக இருப்பாய் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அதைக்கூடத் தாங்கியிருப்பேன். நீ என்னை நம்பி உன்னைச் சந்தேகப்பட்டுவிட்டாயே! நான் சொன்ன பொய்யை நானே நம்பவில்லை, நீ நம்பியிருக்கிறாய். அன்றைக்குத் தீர்மானித்தேன். எத்தனை பேர் முன்னால் உன் பெயரைக் கெடுத்தேனோ, அதைவிட அதிகம் பேர் முன்னால் அதைக் கழுவ வேண்டும்.

அதற்கு நேரம் போன வாரம் திண்டிவனத்தில் வந்தது. ஆனந்தராஜ் வீட்டுக் கல்யாணம், ஆயிரத்து இருநூறு இலை. பெரிய அடுப்பு வேலை எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. பருப்புப் பாயசத்தை அஸ்வினியிடம் விட்டிருந்தேன். அவள் பதற்றத்தில் கொதிக்கிற வெல்லத்தில் பாலை ஊற்றிவிட்டாள். அண்டா முழுக்கத் திரிந்துவிட்டது. பந்திக்கு ஒன்றரை மணி நேரம் இருக்கிறது. நான் போய்ப் பார்க்கும்போது அவள் இடுப்புத் துண்டை அவிழ்த்து மடித்துக்கொண்டிருக்கிறாள்! சமையல் கட்டில் அத்தனை பேரும் கையிலிருந்ததை விட்டுவிட்டு என் வாயையே பார்க்கிறார்கள்.

எனக்கும் சுர்ரென்று ஏறியதுதான், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அந்தத் துண்டை மடித்த விதம் அப்படியே நீதான். கிட்டே போய், அதைப் பிரித்து அவள் இடுப்பில் நானே கட்டிவிட்டேன். "நான் ஒரு அண்டா சாம்பார்ல ரெண்டு வாட்டி உப்பு போட்டு, பழிய பொன்னி மேல போட்டவ. நீ இன்னா பெருசா பண்ணிட்ட? அழுவாத, எழுந்து தேங்கா துருவு" என்றேன். அப்புறம் மாரியப்பன்தான் முதலில் அரிவாள்மனையை எடுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

நீ பார்த்திருக்க வேண்டும்! காய் வெட்டுகிறவன், இலை கழுவுகிறவள், வடை போடுகிறவள், அத்தனை பேரும் தேங்காய் துருவுகிறார்கள். ஒரு பக்கம் புதிதாகப் பருப்பு வேகிறது, ஒரு பக்கம் வெல்லம் கரைகிறது, ஒரு பக்கம் வேட்டித் துணியில் தேங்காய்ப் பால் பிழிகிறோம். இறக்கிவைத்து, முதலில் பிழிந்த தலைப்பாலை ஊற்றி ஏலக்காயைத் தட்டிப் போட்டபோது மண்டபமே மணத்தது. முதல் பந்தியிலேயே பாயசம் கேட்டு மூன்று தடவை ஆள் வந்துவிட்டது. கடைசிப் பந்திக்கு வழித்துத்தான் ஊற்றினோம். அஸ்வினி வாளியைத் தூக்கிக்கொண்டு அவளே போய்ப் பரிமாறினாள், நடையைப் பார்க்க வேண்டுமே, மணப்பெண் தோற்றாள்.

கடைசியில் ஆனந்தராஜ் என்னை மேடைக்குக் கூப்பிட்டுத் துண்டு போர்த்தி, இரண்டு வார்த்தை பேசச் சொல்லி மைக்கைக் கொடுத்தார். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். குரல் உதறவில்லை, அது என்றைக்கு உதறியிருக்கிறது! கீழே மூன்றாவது வரிசையில், விருந்தாளியாக வந்திருந்த லட்சுமியம்மாள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களைப் பார்த்தே சொன்னேன். பாயசத்தைக் காப்பாற்றியது அஸ்வினியும் எங்கள் ஆட்களும் என்றேன். விழுப்புரம் கல்யாணத்தில் சாம்பாரைக் கெடுத்தது என் கை என்றேன். பொன்னி ஒரு கல் உப்புகூடப் போடவில்லை, அவளை உங்கள் முன்னால் அவமானப்படுத்தினேன், அவளை வெளியே அனுப்பியது என் குற்றம் என்றேன். அப்புறம் நம் ஆட்கள் கரண்டியால் அண்டாவில் தட்டினார்கள் பார், டங் டங்கென்று! மேளக்காரர்களே சிரித்துவிட்டார்கள். கல்யாண மண்டபத்தில் அவமானப்பட நின்றவளுக்குக் கைதட்டல் கிடைத்தது, பொன்னி. அதில் பாதி உன்னுடையது.

லட்சுமியம்மாள் மேடைக்கே வந்துவிட்டார்கள். "இன்னாடி வேணி, அந்தப் பொண்ண நான் இன்னா இன்னாவோ பேசிக்கினு இருந்தனே, எனக்குப் பேஜாராப் போச்சு" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். ஐப்பசியில் அவர்கள் புது வீட்டுக் கிரகப்பிரவேசம். பொன்னி வந்து நின்றால்தான் அடுப்பைப் பற்றவைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். நான் சொல்லவில்லை, அவர்களாகவே சொன்னது.

இப்போது நம் சமையல் கட்டில் சட்டத்தை மாற்றிவிட்டேன். உப்புப் போடுகிறவர் ஒருவர், இலை வைக்கிறவர் இன்னொருவர். ஒருவர் மறந்தால் மற்றவர் கேட்கலாம், கேட்டால் யாரும் முறைக்கக் கூடாது. இலை வைக்கிற வேலையை நான் எடுத்துக்கொண்டேன். உப்புக் கிண்ணம் உனக்காகக் காத்திருக்கிறது. அதுவரை தற்காலிகமாக மாரியப்பன் போடுகிறான், பயந்து பயந்து போடுகிறான், எல்லாம் சப்பென்று இருக்கிறது. சீக்கிரம் வா.

வருவதும் வராததும் உன் இஷ்டம். நீ வரவில்லை என்றால் நான் கத்தமாட்டேன், அழுவேன், அவ்வளவுதான். என்னை மன்னிக்க இன்னும் நாளாகும் என்றாலும் ஆகட்டும். ஒன்றே ஒன்று மட்டும் அக்காவுக்காகச் செய். நாளைக்குத் தள்ளாதே, இன்றைக்கே. இந்தக் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு அடுப்படிக்குப் போ. குழம்பு கொதிக்கும்போது ஜெயத்தைக் கூப்பிடாதே. நீயே உன் கையால் உப்பை அள்ளிப் போடு. ருசி பார்க்காமலே இறக்கு. சரியாகத்தான் இருக்கும்.

நீ நன்றாக இருக்க வேண்டும் தாயி.

உன் அக்கா,
வேணி