பதினாறு கோட்டிங் பச்சை

9.9.2025
கிரவுண்டில் புல் முழங்கால் வரை நிற்கிறது. உட்கார்ந்து ஓட்டுகிற அந்தப் பழைய புல்வெட்டும் வண்டியை வெள்ளிக்கிழமை இரும்புக்கடைக்குப் போடப் போகிறார்களாம். பெட்ரோல் போடுவதைக்கூட நிறுத்திவிட்டார்கள். ஓடுகிற வண்டியை! ரிட்டையர் ஆக எனக்கு இன்னும் இரண்டு வருஷம். இந்த முட்டியை வைத்துக்கொண்டு காலேஜ் கிரவுண்டை நடந்தே வெட்டுவதா?

10.9.2025
மெக்கானிக்கல் வாத்தியார் பஞ்சநதம் சார் வந்து குனிந்து குனிந்து பார்த்தார். இந்த மாடலில் முதல் வருஷத்து வண்டி அபூர்வமாம். அதில் முன்சக்கர அச்சு வார்ப்பிரும்பு, சீட்டுக்கு அடியில் ஒற்றை இரும்புப் பட்டை. பிறகு வந்ததற்கு மடித்த தகடு, இரண்டு ஸ்பிரிங்.

“ஸ்பிரிங்தானே இருக்கு காயாரோகணம். பின்னாடி வந்ததா இருக்கும்” என்றார். முதல் வருஷத்தது என்றால் காலேஜே வைத்துக்கொள்ளும்படி பேசுகிறேன் என்றார்.

அச்சு தகடா வார்ப்பா, தெரியவில்லை. வருஷா வருஷம் ஆயுத பூஜைக்குப் பச்சை பெயிண்ட் அடித்தவன் நான்தானே. பதினாறு கோட்டிங்.

11.9.2025
காலையிலிருந்து சுரண்டினேன். கண்ணெல்லாம் தூசி. அச்சு வார்ப்பிரும்பேதான்.

ஆனால் சீட்டு? இடுப்பு வலிக்கிறதென்று பட்டையைக் கழற்றி ஸ்பிரிங் போட்டவனும் நானே. அந்தப் பட்டையை எங்கே வைத்தேன்? சாயங்காலம் வீட்டில் புலம்பியபோது தர்மாம்பாள் அலட்டிக்கொள்ளாமல் சொன்னாள்: “கொல்லைக் கதவுக்குக் குறுக்க போட்டிருக்கீங்களே, அதான.” அடச்சே. தெனம் இந்தக் கையால எடுத்து மாட்டுறேன்.

12.9.2025
பட்டை பழைய துளைகளில் அப்படியே உட்கார்ந்தது. இரும்புக்கடை வண்டி காலியாகத் திரும்பியது. சார் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். நிம்மதி.

24.9.2025
வண்டிக்குப் புதுப் பெயிண்ட் அடித்து, முன்வாசலில் மேடை கட்டி ஏற்றிவிட்டார்கள். சுற்றிலும் கயிறு. அபூர்வமானதாம், இனி ஓட்டக் கூடாதாம். சாவியையும் வாங்கிக்கொண்டார்கள்.

“இப்படி ஆகும்னு நெனைக்கலங்க” என்றார் சார், என் முகத்தைப் பார்க்காமல். நான் மட்டும் நெனச்சனா? வேலையத்துப்போய்ச் சுரண்டுனேனே, என்னைச் சொல்லணும்.

26.9.2025
முட்டி வலி.

1.10.2025
ஆயுத பூஜை. தோளில் மாட்டி வெட்டுகிற மெஷின் கொடுத்திருக்கிறார்கள். அதற்குப் பொட்டு வைத்துவிட்டு வெட்டப் போனேன். கால்வாசி கிரவுண்டு முடிவதற்குள் முட்டி வீங்கிவிட்டது.

மிச்சச் சந்தனத்தை எடுத்துக்கொண்டு நொண்டி நொண்டி முன்வாசலுக்குப் போனேன். கயிற்றுக்கு இந்தப் பக்கமே வாட்ச்மேன் நிறுத்திவிட்டான். பெயிண்ட் கெட்டுப்போகுமாம். என்கிட்ட சொல்றான்.