இடது கன்னம்

மார்ச் 4

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் நலமா? வரும் வாரம் லீவில் வருவதாகச் சொன்னாயே, அதை அடுத்த மாதத்துக்குத் தள்ளிவைத்துக்கொள்ளம்மா. வீட்டுக்கு வெள்ளையடிக்கிறார்கள், தூசி உனக்கு ஆகாது. போனிலேயே சொல்லியிருப்பேன், தொண்டை கட்டியிருக்கிறது. டிரைவிங் ஸ்கூலுக்கும் லீவு சொல்லிவிட்டேன். கவலைப்பட ஒன்றுமில்லை.

அப்பா

மார்ச் 8

அன்புள்ள அப்பாவுக்கு,

வெள்ளையடிக்க ஒருவரும் வரவில்லை என்கிறார் மாடிவீட்டு அக்கா. முகத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு பால் வாங்கப் போனீர்களாம். கண் வீங்கியிருந்ததாம். காய்ச்சலுக்குக்கூட லீவு போடாத ஆள் நீங்கள். அம்மாவும் இப்படித்தான் ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை என்று கடைசிவரை மறைத்தாள். இன்னொரு தடவை எனக்குத் தாங்காதுப்பா. என்ன வியாதி, உள்ளதை எழுதுங்கள். இல்லாவிட்டால் அடுத்த பஸ்ஸில் வந்து நிற்பேன்.

உங்கள் மகள்

மார்ச் 11

அன்பு மகளுக்கு,

வியாதி இல்லையம்மா. உன்னிடம் சொல்ல வாய் கூசியது, அதனால் பொய் எழுதினேன். கெமிக்கல் பீல் செய்துகொண்டேன்.

இத்தனை வருஷம் இடப்பக்க ஜன்னலோரம் வெயிலில் உட்கார்ந்து கார் ஓட்டக் கற்றுக்கொடுத்ததில் என் இடது கன்னம் மட்டும் கருத்துப் புள்ளி விழுந்து கிடப்பது உனக்குத் தெரியும். தோல் டாக்டர் முகத்தில் அமிலம் தடவினார். மிளகாய் அரைத்துப் பூசியதுபோல் எரிந்தது, கன்னம் வெள்ளையாகப் பூத்தது. மறுநாள் கண் திறக்க முடியாத வீக்கம். இப்போது தோல் பழுப்பேறி, பாம்புச் சட்டைபோல் உரிகிறது. பிய்க்கக் கூடாதாம், வெயில் ஆகவே ஆகாதாம். ஒரு வாரம் பத்து நாளில் புதுத்தோல் வந்துவிடும், சிவப்பு மறைய மாதக்கணக்காகலாம் என்றார்.

இந்த வயதில் எதற்கு என்பாய். என்னிடம் கார் பழகிய டீச்சர் ஒருவர் இருக்கிறார். தனியாக இருப்பவர். சேர்ந்து வாழச் சம்மதமா என்று கேட்க நினைத்தேன். வண்டியில் எனக்கு வலப்பக்கம் உட்கார்ந்தே பழகியவர், எதிரில் உட்கார்ந்தால் இந்தக் கன்னத்தைப் பார்த்துவிடுவாரே என்று பயந்துவிட்டேன். நேற்று அவரே உடம்பு விசாரிக்க வந்துவிட்டார். கதவைத் திறந்தவன் கூனிக் குறுகிப்போனேன். அவர் சிரிக்கவில்லை. "ரிவர்ஸ் எடுக்கும்போதெல்லாம் நீங்க என் பக்கம் திரும்பித்தானே பின்னாடி பாப்பீங்க. நான் பாக்காத கன்னமா?" என்றார்.

உன் அம்மா ஒரு நாளும் இதைக் குறை சொன்னதில்லை. அதை நினைத்தால்தான் தலை நிமிர மாட்டேன் என்கிறது. நீ வேண்டாம் என்றால் இதோடு விட்டுவிடுகிறேன்.

அப்பா

மார்ச் 16

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்ததும் கோபம்தான் வந்தது. அம்மா இடத்தில் இன்னொருத்தியா என்று இவரிடம் கத்தினேன். இவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "உங்கப்பா யாரோட உக்காந்து சாப்பிடுறாருன்னு என்னைக்காவது கேட்டிருக்கியா?" என்றார். கேட்டதில்லை. அப்புறம் எனக்குச் சோறு இறங்கவில்லை.

வெள்ளிக்கிழமை வருகிறேன். மிச்சத் தோலைப் பிய்க்காதீர்கள், களிம்பை ஒழுங்காகத் தடவுங்கள். அன்றைக்கு அந்த டீச்சரையும் வரச் சொல்லுங்கள். மற்றதையெல்லாம் பஸ்ஸில் வரும்போது யோசித்துக்கொள்கிறேன், ஒன்று மட்டும் எனக்குப் பிடிபடவில்லை. அவர்களை நான் என்னவென்று கூப்பிடுவது? கேட்டு வையுங்கள்.

உங்கள் மகள்