தொப்பிக்குக் கோத்த மணிகள்

பாப்பாவின் அப்பாவுக்கு வணக்கம்.

நான் நன்றாக இருக்கிறேன். உங்கள் முதுகுவலி எப்படி? அவளுக்கு இருமல் நின்றதா?

இங்கே ஒரு கூத்து. பின்னல் கம்பெனியில் மிஞ்சிய கம்பளி நூலில், சாப்பாட்டு இடைவேளைகளில் அவளுக்கு ஒரு தொப்பி பின்னினேன், நெற்றியோரம் சிவப்பு மணி வைத்து. மணி வைத்துப் பின்னுவதென்றால், முதல் கண்ணி போடும் முன்பே எல்லா மணியையும் எண்ணி நூலில் கோத்துவிட வேண்டும். பிறகு ஒன்றே ஒன்று சேர்க்க நினைத்தாலும் நூலை அறுக்கத்தான் வேண்டும். நான் ஐம்பது கோத்தேன்.

நேற்று முடித்து மேற்பார்வை அக்காவிடம் காட்டினேன். மடக்கிய கையில் மாட்டிப் பார்த்துவிட்டு, "என்னடி இது, மூணு வயசுப் புள்ளைக்கா? உன் மக ஸ்கூலுக்குப் போறான்னு சொன்னியே!" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

நான் கை சொன்ன கணக்கில் கோத்திருக்கிறேன். அவளுடைய மூன்று வயதில், நான் ஊரிலிருந்து கிளம்பிய அன்று தடவிய தலைதான் இந்தக் கைக்குத் தெரியும். முகம் கழுவிக்கொண்டு வந்து வேலையைப் பார்த்தேன். கவலைப்படாதீர்கள்.

ஒரு உதவி. அவள் தலையைச் சுற்றி, காதுக்கு மேலே நூல் வைத்து அளந்து, அந்த நூலையே வெட்டி அனுப்புங்கள். இன்ச் கணக்கு எழுத வேண்டாம். உங்கள் முரட்டுக் கையால் இறுக்கிவிடாதீர்கள். அம்மா கேட்டாள் என்றும் சொல்ல வேண்டாம், எப்போது வருவாள் என்று உங்களைப் பிடித்துக்கொள்வாள்.

மணி அடித்துவிட்டது, போகிறேன். நூலில் அவள் முடி ஏதாவது சிக்கியிருந்தால் தட்டிவிடாதீர்கள், அப்படியே வையுங்கள்.